கண்டது கணக்கில் வரட்டும்: திருகோணமலை மாவட்டச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாவட்டச் செயலாளர் அவர்களுக்கும், மாவட்டத்தின் பதினொரு பிரதேச செயலாளர்களுக்கும் வணக்கம்.

2025ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி தொடக்கம் 8.05 வரை, நாடு முழுவதும் மக்கள் தத்தம் வளவுகளிலும் வயல்களிலும் நின்று குரங்கு, மந்தி, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணிப் படிவத்தில் எழுதினார்கள். பயிருக்குச் சேதம் விளைவிக்கும் பிராணிகளின் தொகையை அறிவதற்காக அரசு நடத்திய அந்தக் கணக்கெடுப்பின் முறையைப் பலர் குறை கூறினார்கள். அக்குறைகளிற் சில நியாயமானவை என்றே நானும் கருதுகிறேன். ஐந்து நிமிடத்துக்குள் ஒரு குரங்குக் கூட்டம் மூன்று வேலிகளைத் தாண்டிவிடும். மூன்று வீட்டாரும் அதே கூட்டத்தைத் தனித்தனியே எண்ணியிருக்கக்கூடும். இருந்தபோதிலும், கேட்பதற்கு ஓர் அலுவலகமும் எழுதுவதற்கு ஒரு படிவமும் இருந்தால் எங்கள் மக்கள் எண்ணுவார்கள் என்பதை அந்நாள் காட்டியது. பயிரைத் தின்னும் சில பிராணிகளுக்காக ஒரு காலைப்பொழுதில் செய்ததை, இம்மாவட்டத்தின் கடலிலும் கரையிலும் குளத்திலும் காட்டிலும் வாழும் ஏனைய உயிர்களுக்காக ஆண்டு முழுவதும், இன்னும் பொறுமையாகவும் முறையாகவும் செய்வதற்குத் தங்கள் செயலகம் வழிசெய்து தரவேண்டும் என்று கேட்பதே இம்மடலின் நோக்கம்.

தன்னார்வலர்கள் உயிரினங்களைக் கண்டு பதிவதும், அப்பதிவுகளை அறிவியலாளர்கள் பயன்படுத்துவதும் புதியவை அல்ல. நத்தார் நாளில் பறவைகளைச் சுட்டு வீழ்த்தும் போட்டிக்கு மாற்றாக, அவற்றை எண்ணும் வழக்கத்தை அமெரிக்காவில் பிராங்க் சப்மன் என்பவர் 1900ஆம் ஆண்டில் தொடங்கிவைத்தார். அது இன்றுவரை ஆண்டுதோறும் நடைபெறுகிறது. ஆசிய நாடுகளில் 1987 முதல் ஒவ்வொரு சனவரியிலும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்தப்படுகிறது. இலங்கையில் 1943இல் தொடங்கப்பட்ட சிலோன் பேர்ட் கிளப்பும், கொழும்புப் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்டு இயங்கும் களப் பறவையியல் குழுவும் இத்தகைய பணிகளில் நீண்டகாலமாக ஈடுபட்டு வருகின்றன. இவற்றுக்கெல்லாம் உழைத்தவர்களிற் பெரும்பாலானோர் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் ஓய்வுபெற்றவர்களும் மாணவர்களுமாகவே இருந்திருக்கிறார்கள்.

திருகோணமலைக்கு இவ்வரலாற்றில் ஒரு தனியிடம் இருந்திருக்க வேண்டும். எங்கள் துறைமுக வாயிலிலிருந்தே ஆழ்கடற் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. அதனால் வேறிடங்களில் நெடுந்தூரம் கடலோடிச் சென்றாற்கூடக் காண்பதற்கரிய நீலத் திமிங்கிலமும் ஸ்பேர்ம் திமிங்கிலமும் இங்கே கரையோரத்தை நெருங்கி வருகின்றன. கோணேசர் மலையில் நின்று அவற்றின் நீர்வீச்சைக் கண்டவர்கள் நகரில் பலர். 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கில வேட்டை தடைசெய்யப்பட்ட சரணாலயமாக அறிவிக்கப்பட்டதையடுத்து, 1980களின் தொடக்கத்தில் 'டூலிப்' என்ற சிறு பாய்மரக் கப்பலில் வந்த ஆய்வாளர்கள் இக்கடலில் ஸ்பேர்ம் திமிங்கிலங்களை நீரடி ஒலிவாங்கிகளின் துணையோடு பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். பிறகு போர் வந்தது. 1983 தொடக்கம் 2009 வரையான காலத்தில் இம்மாவட்டத்தின் கடலிலும் களப்பிலும் காட்டிலும் ஒருவர் பைனாகுலரோடு நடமாடுவது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதைத் தங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. நாட்டின் மேற்கிலும் தெற்கிலும் பதிவுகள் பெருகிய ஆண்டுகளில் எங்கள் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. போர் முடிந்த பின்னரும் வெளியூரிலிருந்து வருவோர் சுற்றுலாப் பருவத்தில் இரண்டு நாட்கள் தங்கி, நிலாவெளியிலும் புறாத்தீவிலும் கண்டதைப் பதிந்துவிட்டுச் செல்கிறார்கள். வெருகலிலும் சம்பூரிலும் கோமரங்கடவலையிலும் வாடைமழைக் காலத்தில் என்ன நடக்கிறது என்று அவர்கள் எழுதப்போவதில்லை. அதனை அங்கே வாழ்பவர்தான் எழுத முடியும்.

எழுதுவதற்கு வேண்டிய ஏற்பாடுகள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. ஆகையால் மாவட்டத்துக்கென ஒரு புதிய செயலியை உருவாக்கும் திட்டம் எதனையும் தயவுசெய்து தொடங்க வேண்டாம் என்பது எனது முதல் வேண்டுகோள். அத்தகைய செயலிகள் திறப்புவிழாவன்று இயங்கும். நிதியாண்டு முடிந்ததும் அவற்றைத் தேடிப்பார்க்க ஆளிருக்காது. அமெரிக்காவின் கோர்னெல் பறவையியல் ஆய்வகமும் ஓடுபன் சங்கமும் 2002இல் தொடங்கிய ஈபேர்ட் என்ற பதிவுத் தளம் பறவைகளுக்காக இருக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர் சிலரின் முதுமாணிச் செயற்றிட்டமாக 2008இல் தோன்றிய ஐநேச்சுரலிஸ்ட், பாம்பு முதல் பூஞ்சணம் வரை எல்லா உயிர்களுக்குமானது. இவ்விரண்டிலும் சேரும் தரவுகள், கோபன்ஹேகனில் செயலகத்தைக் கொண்டுள்ள ஜி.பி.ஐ.எப். என்னும் உலகப் பல்லுயிர்த் தகவல் களஞ்சியத்தைச் சென்றடைகின்றன. அங்கிருந்து எந்த நாட்டு ஆய்வாளரும் அவற்றை எடுத்துப் பயன்படுத்தலாம். ஐநேச்சுரலிஸ்டில் மாவட்ட எல்லையைக் குறித்து ஒரு செயற்றிட்டத்தைத் திறந்துவைத்தால், அவ்வெல்லைக்குள் எவர் பதிந்தாலும் அது தானாகவே அதில் வந்து சேரும். செலவு ஏதுமில்லை.

ஆனால் செயலியைக் கையில் கொடுத்துவிட்டால் தரவு வந்துவிடும் என்று எண்ணுவது தவறு. எவ்வாறு பதிய வேண்டும் என்பதை விளக்காமல் விட்டால் கிடைப்பது அழகிய படங்களின் குவியல் மட்டுமே. இதில் சற்று விரிவாகச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. இறக்கக்கண்டிக் களப்பில் பூநாரைக் கூட்டம் ஒன்று இறங்கினால் நகரத்திலிருந்து கமெராக்கள் புறப்பட்டுவிடும். அதே களப்பின் ஓரத்தில் நிற்கும் காகங்களை யாரும் எண்ணுவதில்லை. ஆள்காட்டியையும் கொக்கையும் எண்ணுவோர் அரிது. இவ்வாறு அரியவை மட்டும் பதியப்படுமானால், இருபது ஆண்டுகளின் பின்னர் அந்தப் பதிவுகளைப் புரட்டும் ஒருவருக்குத் திருகோணமலையில் பூநாரை மலிந்திருந்தது என்றும் கொக்கே இருக்கவில்லை என்றும் தோன்றும். இதனைத் தவிர்ப்பதற்காகவே ஈபேர்ட், பட்டியலை அனுப்பும் வேளையில் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வியைக் கேட்கிறது: நீங்கள் கண்டும் கேட்டும் இனங்கண்ட பறவைகள் அனைத்தையும் இதில் சேர்த்துவிட்டீர்களா? 'ஆம்' என்று விடையளிக்கப்பட்ட பட்டியலில் ஒரு பறவையின் பெயர் இல்லை என்றால், அந்த இன்மையும் ஒரு தகவலாகிறது. எத்தனை நிமிடம் பார்த்தார், எவ்வளவு தூரம் நடந்தார், எத்தனை பேர் சேர்ந்து பார்த்தார்கள் என்பனவும் உடன் இருப்பதால், ஓர் ஆண்டின் பட்டியலை இன்னோர் ஆண்டின் பட்டியலோடு ஒப்பிட முடிகிறது.

ஒரு நல்ல பதிவு எப்படி இருக்கும் என்பதற்குக் கற்பனையான எடுத்துக்காட்டு ஒன்றைத் தருகிறேன். "சனவரி 18, காலை 6.40 தொடக்கம் 7.20 வரை. தம்பலகாமம் வயல்வெளியில் வாய்க்கால் வரம்பு வழியே 900 மீற்றர் நடை. இருவர். வானம் மப்பு, மழையில்லை. உண்ணிக்கொக்கு 64, காகம் 31, ஆள்காட்டி 7, வெண்மார்பு மீன்கொத்தி 3, செம்பருந்து 2, இனந்தெரியாத உள்ளான் 12." இதில் புதுமையான பறவை ஒன்றுகூட இல்லை, எவரும் இதனை முகநூலில் பகிரமாட்டார்கள். ஆயினும், இதே வரம்பில் இதே வேளையில் மாதமொருமுறை ஒருவர் நடப்பாரானால், பத்தாண்டு முடிவில் அவருடைய கொப்பி இம்மாவட்டத்தின் மிகப் பெறுமதியான ஆவணங்களுள் ஒன்றாக இருக்கும். இறுதியில் உள்ள "இனந்தெரியாத உள்ளான் 12" என்ற வரியைக் கவனியுங்கள். தெரியாததைத் தெரியாதென்று எழுதத் துணிவது பயிற்சியால் வருவது. ஊகித்துப் பெயர் எழுதும் பழக்கம் தொற்றிக்கொண்டால் முழுப் பட்டியலும் பழுதாகிவிடும்.

பொதுமக்கள் எழுதுவதை எப்படி நம்புவது என்று தங்கள் உத்தியோகத்தர்கள் கேட்கக்கூடும். கேட்கவும் வேண்டும். ஈபேர்டில் ஓரிடத்துக்கும் மாதத்துக்கும் பொருந்தாத இனமோ, வழக்கத்துக்கு மீறிய எண்ணிக்கையோ பதியப்படும்போது அது தானாகவே தனித்துக் காட்டப்படுகிறது. பிராந்தியப் பொறுப்பிலுள்ள தன்னார்வ மீளாய்வாளர் ஒருவர் பதிந்தவருக்கு எழுதி விபரம் கேட்கிறார். ஐநேச்சுரலிஸ்டில் படமோ ஒலியோ சான்றாக இணைக்கப்பட்டு, திகதியும் இடமும் குறிக்கப்பட்டு, இனங்காண்போரில் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேற்பட்டோர் ஒரே பெயரில் உடன்பட்டாலன்றி ஒரு பதிவு ஆய்வுத்தரத்தைப் பெறுவதில்லை. அதில் கணினி முன்மொழியும் பெயரை அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் புதியவர்கள் விழும் குழி. எங்கள் வீட்டுச் சுவரில் ஏறும் பல்லிக்கு அது வேறொரு கண்டத்தின் பெயரைச் சூட்டிவிடுவதுண்டு. முன்மொழியப்படும் இனம் இலங்கையில் உண்டா என்று பார்த்த பின்னரே ஏற்கவேண்டும் என்பதை முதலாவது பயிற்சி வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். படத்துக்கு இடும் உரிமத்தையும் அப்போதே விளக்க வேண்டும். பதிவின் எல்லா உரிமையையும் தமக்கே வைத்துக்கொண்டால் அது உலகக் களஞ்சியத்துக்குச் செல்லாது.

பாடசாலைகளைப் பற்றி. சுற்றாடல் முன்னோடி மாணவர்கள் மரம் நடுகிறார்கள், கடற்கரையைத் துப்புரவு செய்கிறார்கள், பதக்கம் பெறுகிறார்கள். இவற்றோடு, தங்கள் பாடசாலை வளவின் உயிர்களை மாதந்தோறும் எண்ணும் பணியும் சேரவேண்டும். நகரப் பாடசாலைகளுக்கு இதற்கென வெகுதூரம் போகவேண்டியதில்லை. பிரெட்ரிக் கோட்டையின் புள்ளிமான்கள் வாசலுக்கே வருகின்றன. கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில்வரை செல்லும் வீதியில், மாதத்தின் முதற் சனிக்கிழமை ஒரே நேரத்தில் நடந்து, கொம்புள்ள ஆண் எத்தனை, பெண் எத்தனை, குட்டி எத்தனை என்று மூன்று கட்டங்களில் எழுதினாற் போதும். சற்று வளர்ந்த மாணவர்கள் கொம்பின் நிலையையும் சேர்த்து எழுதலாம்: மென்தோல் போர்த்து வளர்கிறதா, தோலுரிந்து கெட்டியாகிவிட்டதா, உதிர்ந்துவிட்டதா. அவை புல் மேய்கின்றனவா, குப்பையில் பொலித்தீனை மெல்லுகின்றனவா என்பதற்கு இன்னொரு கட்டம் வேண்டும். மாநகரத்தின் குப்பை அகற்றும் ஒழுங்கு மாறும்போது அந்தக் கட்டத்தின் எண்ணும் மாறுகிறதா என்று பார்ப்பதற்கு விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை.

பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐநேச்சுரலிஸ்டில் சுயமாகக் கணக்குத் திறக்க முடியாது. ஆகவே ஆசிரியரின் பெயரிலோ பாடசாலையின் பெயரிலோ கணக்கிருப்பதே முறை. சிறுவர்களின் கைக்கு, பதிவுசெய்யாமலே பயன்படுத்தக்கூடிய சீக் என்ற எளிய செயலி பொருத்தமானது. கைத்தொலைபேசியைப் பாடசாலைக்குக் கொண்டுவரக் கூடாதென்ற விதி இருக்கும் இடங்களில் கொப்பியும் பென்சிலும் போதும். ஒரு வாரத்துக்குரியதை ஆசிரியர் ஒரே அமர்வில் ஏற்றிவிடலாம். வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்குத் தாங்கள் ஒரு கடிதம் எழுதினால் இது தொடங்கிவிடும். பரிசுப் போட்டி மட்டும் வைக்கவேண்டாம் என்று வேண்டுகிறேன். அதிக இனங்களைப் பதிந்தவருக்குப் பரிசு என்று அறிவித்த மறுநாளே, காணாதவையும் காணப்படத் தொடங்கும்.

கடலுக்கு வருகிறேன். மார்ச் தொடக்கம் ஆகஸ்ட் வரையான பருவத்தில் திமிங்கிலம் பார்க்கப் படகேறும் ஒவ்வொரு பயணியும் படமெடுக்கிறார். ஸ்பேர்ம் திமிங்கிலம் ஆழம் நோக்கிச் செல்லும்போது வாலை உயர்த்தும். அவ்வால் விளிம்பின் வெட்டுக்களும் கீறல்களும் விலங்குக்கு விலங்கு வேறுபடுவதால், ஒரு தெளிவான படம் அந்த ஒரு விலங்கின் அடையாள அட்டையாகிவிடுகிறது. நீலத் திமிங்கிலத்தை அதன் பக்கவாட்டுத் தோலில் உள்ள புள்ளித் திட்டுகளாலும் முதுகுத் துடுப்பின் வடிவாலும் பிரித்தறிகிறார்கள். இவ்வாறான படங்களை ஏற்று, வேறு கடல்களில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டு, அதே விலங்கு முன்னர் எங்கே காணப்பட்டது என்று படமெடுத்தவருக்கே அறிவிக்கும் ஹாப்பிவேல் என்ற தளமும் உண்டு. படகுச் சங்கங்கள் செய்யவேண்டியது சிறிது. கரைக்குத் திரும்பும் வழியில், வாலின் படம் எடுத்தவர்கள் திகதி, நேரம், இடம் மாறாமல் அதனைத் தளத்துக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்வதும், படகோட்டி தன் கொப்பியில் புறப்பட்ட நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் கண்டதையும் எழுதிவைப்பதுமே அது. ஒன்றும் காணாமல் திரும்பிய நாளையும் எழுதவேண்டும். பயணிகளிடம் அதைச் சொல்லச் சங்கங்கள் விரும்பமாட்டா என்பது தெரியும். கொப்பிக்குச் சொன்னாற் போதும். நல்ல படத்துக்காக விலங்கின்மேல் படகை ஓட்டுவது பதிவாகாது, துன்புறுத்தலாகும் என்பதையும் சங்கங்களே தம் உறுப்பினர்களுக்கு உறுதியாகச் சொல்லவேண்டும்.

புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கே நாள்தோறும் நீந்தும் வழிகாட்டிகளுக்கு, குவின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் கோறல்வொச் திட்டத்தினர் பவளத்தின் நிறத்தை ஒப்பிட்டறிய உருவாக்கிய வண்ண அட்டை ஒன்றைப் பெற்றுக்கொடுக்கலாம். நான்கு நிறச் சாயல்கள், ஒவ்வொன்றிலும் வெளிறலிலிருந்து அடர்வுவரை ஆறு படிகள். பவளத்தைத் தொடாமல் அட்டையை அருகிற் பிடித்து, பவளத்தின் மிக வெளிறிய பகுதிக்கும் மிக அடர்ந்த பகுதிக்கும் பொருந்தும் குறியீடுகளை எழுதுவதே வேலை. 1998இலும் 2016இலும் இலங்கையின் பவளப் பாறைகள் வெளிறியபோது சேதம் கண்ணுக்குத் தெரிந்த பிறகே பேச்சு எழுந்தது. மாதாந்தம் அட்டை பிடித்திருந்தால் நிறம் இறங்கத் தொடங்கிய வாரமே தெரிந்திருக்கும்.

இனி, இம்மடலில் நான் மிகவும் முக்கியமானதாகக் கருதும் விடயத்துக்கு வருகிறேன். இம்மாவட்டத்தின் கடலுயிர்களைப் பற்றி எல்லோரையும்விட அதிகம் அறிந்தவர்கள் கடற்றொழிலாளர்களே. புல்மோட்டையிலிருந்து குச்சவெளி, சல்லி, கிண்ணியா, மூதூர் வழியாக இலக்கந்தை வரையுள்ள வாடிகளில், கச்சான் காற்றில் எந்தப் பாரில் என்ன மேயும், வாடை தொடங்கும்போது எந்தக் கரையில் ஆமை ஏறும் என்பது தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த அறிவு. உலகில் உள்ள ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து இலங்கைக் கரைகளுக்கு வருகின்றன. அவற்றின் வலைச்சாவு எவ்வளவு, எந்த மாதத்தில் அதிகம், எந்த வலையில் அதிகம் என்பவற்றை வலை இழுப்பவரைத் தவிர வேறு எவராலும் சொல்ல முடியாது. ஆனால் அவர் சொல்லமாட்டார். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கடலாமை பாதுகாக்கப்பட்ட பிராணி. செத்த ஆமையோடு கரையில் நிற்பவரைப் பார்க்கும் எவரும், அவர் அதைக் கொன்றாரா, கண்டாரா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. எனவே விடியுமுன் மணலைத் தோண்டிப் புதைத்துவிட்டு வலையைக் கழுவுகிறார்கள். குற்றமற்ற மனிதர் செய்யும் இந்தப் புதைப்பில் தரவும் சேர்ந்து புதைந்துபோகிறது.

தங்கள் செயலகத்தால் மட்டுமே இதனைத் தீர்க்க முடியும். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம், கடற்றொழில் திணைக்களம், கரையோரப் பாதுகாப்புப் படை, பொலிஸ் ஆகிய தரப்புகளைத் தாங்கள் ஒரே மேசையில் அமர்த்தி, தற்செயலாக வலையில் சிக்கியதையோ கரையில் இறந்து ஒதுங்கியதையோ கூட்டுறவுச் சங்கத்தின் கொப்பியில் எழுதியவரை அந்தப் பதிவை வைத்து விசாரணைக்கு இழுப்பதில்லை என்ற எழுத்துமூல உடன்பாட்டைப் பெற்றுத்தர வேண்டும். சட்டத்தைத் தளர்த்தக் கேட்கவில்லை. இறைச்சிக்காகப் பிடிப்பவரும் முட்டை அகழ்பவரும் தண்டிக்கப்படவே வேண்டும்; அவர்கள் எப்படியும் கொப்பியில் எழுதப்போவதில்லை. கொப்பியில் ஆளின் பெயர் வேண்டாம். படகின் இலக்கமும் வேண்டாம். திகதி, கரையின் பெயர், வலையின் வகை, உயிரோடு விட்டதா இறந்திருந்ததா என்பவை போதும்.

இனத்தை அறிவதும் கடினமான காரியமன்று. ஆமையின் முதுகோட்டில் நடுவரிசைத் தட்டுகளுக்கு ஒரு பக்கத்திலுள்ள பெரிய தட்டுகளை எண்ணினாற் போதும். நான்கு என்றால் பச்சை ஆமை அல்லது அழுங்காமை. தட்டுகள் ஓட்டு வீட்டுக் கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் அழுங்காமை. ஐந்து தட்டுகளும் பருத்த தலையும் பெருந்தலை ஆமையைக் காட்டும். ஆறோ அதற்கு மேலோ இருந்தால் பெரும்பாலும் ஒலிவ் ரிட்லி. தட்டே இல்லாமல் தோல் போர்த்து, நீளவாக்கில் ஏழு மேட்டுவரிகள் ஓடினால் அது எல்லாவற்றிலும் பெரிதான தோல்முதுகு ஆமை. மேலிருந்து ஒரு படம், தலையின் முன்புறம் ஒரு படம், கழுத்தோரத்திலிருந்து வாலோரம்வரை ஓட்டின் வளைவை ஒட்டி நாடாவால் ஓர் அளவு. இவை கிடைத்தால் கொழும்பிலோ கோபன்ஹேகனிலோ இருக்கும் ஆய்வாளருக்கு வேறெதுவும் வேண்டியதில்லை. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் மேற்குக் கடலில் எரிந்தபின் இறந்த ஆமைகள் கரையொதுங்கியதைத் தாங்கள் அறிவீர்கள். ஒரு கரையில் இத்தனை ஆமைகள் ஒதுங்கின என்ற எண், விபத்தில்லாத ஆண்டுகளில் அதே மாதத்தில் எத்தனை ஒதுங்கும் என்பது தெரிந்திருந்தால்தான் நட்டஈட்டு வழக்கில் பேசும். எண்ணெய்க் குதங்களும் கப்பல் போக்குவரத்தும் உள்ள எங்கள் துறைமுகத்துக்கு அத்தகைய முன்கூட்டிய பதிவு வேண்டாமென்று யார் சொல்வார்?

பதிவதைப் போலவே மறைப்பதற்கும் ஒழுங்கு வேண்டும். ஆமைக் கூடும், அழுங்கும், தேவாங்கும், நட்சத்திர ஆமையும் எங்கே உள்ளன என்று உலகுக்கு அறிவிப்பது கள்வருக்கு வழிகாட்டுவதாகிவிடும். ஐநேச்சுரலிஸ்ட், அச்சுறுத்தலுக்குள்ளான பல இனங்களின் சரியான இடத்தை மறைத்து, ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் அகலமான சதுரத்துக்குள் எங்கோ என்று மட்டும் காட்டுகிறது. பதிபவரும் தாமே இடத்தை மறைத்துக்கொள்ளலாம். முகநூலிலும் வட்சப்பிலும் அந்தப் பாதுகாப்பு இல்லை. யானைக்கு இன்னுமொரு விதி வேண்டும். 2011இல் நாடு முழுவதும் நீர்நிலைகளில் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில் 5,879 யானைகள் என்று மதிப்பிடப்பட்டது. அது பரணமைத்துக் காத்திருந்த பயிற்சிபெற்ற உத்தியோகத்தர்களின் பணி. கந்தளாயிலும் சேருநுவரவிலும் யானை வீதிக்கு வரும்போது தன்னார்வலர் அருகில் சென்று எண்ண முற்படக்கூடாது. அது நிற்கும் இடத்தை உடனுக்குடன் பரப்பிக் கூட்டம் சேர்க்கவும் கூடாது. அது சென்ற பின்னர் காலடியையும் இலத்தியையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்தால் அதுவும் முழுமையான பதிவுதான். கந்தளாய் வீதியில் வாகனம் மோதி இறந்து கிடக்கும் உடும்பும் மரநாயும் பாம்பும் அவ்வாறே பதியத்தக்கவை.

இன்னொரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இது படைத்தளங்கள் நிறைந்த துறைமுக நகரம். பைனாகுலரோடும் நீண்ட வில்லைக் கமெராவோடும் கடற்கரையில் நிற்பவரைக் காவலில் நிற்போர் விசாரிப்பது அவர்கள் கடமை. ஆனால் விசாரிக்கப்படும் இளைஞர் மறுமுறை வரமாட்டார், அவருடைய தாய் அவரை வரவும் விடமாட்டார். மும்மொழியில் அச்சிட்ட, தங்கள் முத்திரையுடன் கூடிய அறிமுகக் கடிதம் ஒன்றும், எந்தெந்த இடங்களில் பறவை பார்க்கலாம், எங்கே கமெராவை உயர்த்தக்கூடாது என்பதைப் படைத்தரப்போடு கலந்து வரைந்த ஒரு பக்கக் குறிப்பும் இந்தத் தயக்கத்தைப் பெருமளவு நீக்கும். பார்ப்பதற்கும் படமெடுப்பதற்கும் மட்டுமே அக்கடிதம் செல்லும் என்பதும், பிடிக்கவோ சேகரிக்கவோ திணைக்களத்தின் தனி அனுமதி வேண்டும் என்பதும் அதிலேயே எழுதப்பட வேண்டும்.

ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் உள்ள சுற்றாடல் உத்தியோகத்தரை இப்பணிக்குத் தொடர்பாளராக நியமித்தல் பொருத்தமாக இருக்கும். கூட்டுறவுச் சங்கத்திலும் பாடசாலையிலும் இருக்கும் கொப்பிகளை மாதத்துக்கொருமுறை படமெடுத்து, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாக மாணவர்களிடம் ஒப்படைத்தால், அவர்கள் தளங்களில் ஏற்றிவிடலாம். தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டவை எழுதப்பட்டபடியே ஏற்கப்பட வேண்டும். ஆங்கிலம் தெரியாததால் ஒருவர் கண்டது கணக்கில் வராமற் போவது கூடாது. ஆண்டுக்கொருமுறை, வந்த பதிவுகளைத் தொகுத்து இரண்டு பக்க அறிக்கை ஒன்றை எழுதி, கொப்பி இருந்த ஒவ்வொரு இடத்தின் அறிவித்தற் பலகையிலும் ஒட்டவேண்டும். எழுதிக் கொடுத்தது எங்கே போனது என்று தெரியாதவர் இரண்டாம் ஆண்டு எழுதமாட்டார். மார்ச் 15இன் படிவத்தை நிரப்பிய பலருக்கும் எழுந்த கேள்வி அதுதான்.

அடுத்த சனவரியின் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை முதற் படியாகக் கொள்ளலாம் என்பது எனது யோசனை. கொக்கிளாய், இறக்கக்கண்டி, தம்பலகாமம், கந்தளாய், வெருகல் ஆகிய ஐந்து இடங்களுக்கு ஐந்து சிறு குழுக்கள் இருந்தால் தொடங்கலாம். அதற்கு முன்னதாக நவம்பரில், வாடைமழை பலக்குமுன், மேற்சொன்ன திணைக்களங்களையும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களையும் படகுச் சங்கங்களையும் வலயக் கல்வி அலுவலகங்களையும் ஒரு கூட்டத்துக்கு அழைக்குமாறு வேண்டுகிறேன். வலைச்சாவு பற்றிய எழுத்துமூல உடன்பாட்டை அக்கூட்டத்தின் முதலாவது விடயமாக எடுத்துக்கொள்ளுங்கள். வாடிகளிலிருந்து வருவோர் அதற்குக் கிடைக்கும் பதிலைக் கேட்ட பிறகே மற்றவற்றுக்குச் செவிகொடுப்பார்கள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
உயிரினப் பதிவில் ஈடுபட்டுள்ள ஒரு தன்னார்வலர்,
திருகோணமலை.